முழுக்கோடு எந்தப் பக்கம்

பெயர்: இணைத்துள்ள அடையாள அட்டை நகலில் கண்டபடி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் என் தெருவிலேயே ஒருவருக்கும் தெரியாது. கோட்டுக்காரர் வீடு எது என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள். வயது: ஐம்பத்திரண்டு. தொழில்: சாலையில் கோடு போடுதல். முகவரி: ஒரே வாசலில் இரண்டு கதவு உள்ள வீடு, தெருவிலிருந்து பார்த்தால் இடது கதவு, வீட்டுக்குள்ளிருந்து வெளியே பார்த்தால் வலது கதவு. ஏதாவது ஒன்றைச் சொல்லும்படி காவல் ஆய்வாளர் அவர்கள் கூறினார். தெருவிலிருந்து பார்ப்பதாகவே வைத்துக்கொள்ளலாம்.

இன்று பதினாறாம் தேதி காலை பத்தரை மணிக்கு, யாருடைய மிரட்டலும் இல்லாமல், டீ குடித்த பிறகு, நான் வாயால் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியது வருமாறு.

என் மீதுள்ள புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இம்மாதம் பதினான்காம் தேதி விமான நிலையத்தில் நான் போட்ட மஞ்சள் கோட்டினால் இரண்டு விமானங்கள் மூக்கும் மூக்கும் முட்டும் தூரத்தில் நின்றன என்பது அதன் முதல் பாதி. அது உண்மை. அந்த விமானங்களில் ஒன்றில் என் உடன்பிறந்த அக்கா வந்ததாலும், அவருக்கும் எனக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாததாலும், நான் அதை வேண்டுமென்றே செய்தேன் என்பது இரண்டாம் பாதி. அது உண்மையல்ல. ‘வேண்டுமென்றே’ என்ற சொல் இருந்தால் எனக்குச் சிறை, இருபத்தெட்டு வருடத் தொழிலும் போயிற்று. அந்தச் சொல் இல்லாவிட்டால் இது கைப்பிழை. இதை எழுத்தரே எனக்கு விளக்கினார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இவ்வளவும் பேசுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளப்பட்டதால், பதினோரு வருடத்துக்கு முன்பிருந்து தொடங்குகிறேன். அவ்வளவு முதலிலிருந்து வேண்டாம் என்று ஆய்வாளர் அவர்கள் கூறினார். இதற்கு முதல் அதுதான் என்று நான் கூறினேன்.

எங்கள் தகப்பனார் இறந்த பிறகு வீட்டை அக்காவும் நானும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டோம். குறுக்கே சுவர் எழுப்ப இருவருக்கும் மனம் வரவில்லை. வாசலிலிருந்து பின்னால் தண்ணீர்க் குழாய் வரை போகிற பொது நடையின் நடுவில் ஒரு கோடு போட்டால் போதும் என்று அக்காதான் சொன்னார். கோடு போடுகிறவன் வீட்டிலேயே இருக்கும்போது வெளி ஆள் எதற்கு என்று நான் சாலை மஞ்சளை எடுத்து ஒரே முழுக்கோடாக இழுத்தேன். நூல் பிடித்தவர் என் மனைவியின் தம்பி. அன்றும் இன்றும் என் வேலைக்கெல்லாம் அவர்தான் நூல் பிடிக்கிறார். அதனால் அவருக்குப் பெயரே நூல் என்றாகிவிட்டது. கோடு காய்ந்த பிறகு அக்கா தன்னுடைய தையல் நாடாவைக் கொண்டுவந்து குழாய் அருகே குனிந்து அளந்தார். கோடு தன் பக்கம் நாலு விரற்கடை ஏறி வந்திருக்கிறது என்றார். தையல் நாடா இழுத்த இழுப்புக்கெல்லாம் நீளும் என்று நான் சொன்னேன். “வேணும்னே போட்டிருக்கடா” என்றார். நான் போட்ட கோட்டில் வளைவு இருந்தால் அது சாலையின் வளைவு என்று பொறியாளர்களே சொல்லிப் பழக்கப்பட்டவன் நான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அன்றோடு பேச்சு நின்றது.

அதன் பிறகு அக்கா தன் மகன் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டார். அவருடைய கதவு பூட்டியே கிடந்தது. எங்கள் வீட்டில் அக்கா என்ற சொல் மெல்லப் போய் ‘அந்தப் பக்கம்’ என்றாகிவிட்டது. அந்தப் பக்கம் கண் ஆபரேஷனாம், அந்தப் பக்கம் பேத்தி பிறந்திருக்காம் என்றுதான் என் மனைவி செய்தி சொல்வாள். நான் ம் என்பேன். பேத்திக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

இம்மாதம் பத்தாம் தேதி விமான நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. சிறிய நிலையம். ஓடுதளம் ஒன்று, அதற்குள் போகவும் வரவும் இணைப்புப் பாதை ஒன்று. காலையில் ஒரு பயணிகள் விமானம் வரும், மாலையில் ஒன்று வரும். நடுவில் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானங்கள் ஏறி இறங்கும். மழையில் கோடுகள் மங்கிவிட்டன, புதுப்பிக்க வேண்டும், பதினொன்றாம் தேதியிலிருந்து நான்கு நாள் காலை பதினொன்று முதல் மூன்று வரை எதுவும் ஓடாது, அதற்குள் முடிக்க வேண்டும் என்று அங்குள்ள பராமரிப்பு அதிகாரி கூறினார். ஆகாயத்தில் போகிறவர்களுக்குக் கூடக் கோடு போடும் காலம் வந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தெருவில் நான்கு பேரிடம் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

முதல் மூன்று நாள் ஓடுதள வேலை. ஓடுதளத்தில் போடுவதெல்லாம் வெள்ளை, அதற்குப் போகிற வழியில் போடுவதெல்லாம் மஞ்சள் என்று அதிகாரி சொன்னார். நிறத்தைப் பார்த்தே விமானி தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வாராம். ஓடுதளத்தின் ஒரு முனையில் 27 என்றும் மறு முனையில் 09 என்றும் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய எண்கள் இருந்தன. நூல் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “மீதி இருபத்தாறு எங்க சார்?” என்று கேட்டார். அது வரிசை எண் அல்ல, திசைகாட்டியில் இருநூற்று எழுபது பாகை, கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிடுவது வழக்கம், எதிர்முனையிலிருந்து வந்தால் தொண்ணூறு, அதனால் 09 என்று அதிகாரி விளக்கினார். “அப்ப ஒரே ரோட்டுக்கு ரெண்டு பேரா?” என்றார் நூல். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறோம் என்பதுதான் பேர் என்று அதிகாரி சொன்னார். அதை நான் அப்போதே மனதில் வாங்கியிருந்தால் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். எண்கள் இரண்டும் சரியாக வந்தன. அதில் புகார் எதுவும் இல்லை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

பதினான்காம் தேதி காலையில் நான் கிளம்பும்போது என் மனைவி, “ஏங்க, அந்தப் பக்கம் இன்னைக்குச் சாயங்காலம் வர்றாங்களாம். பெட்டி படுக்கையோட” என்றாள். நான் வரட்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். ஆகவே அக்கா வருவது எனக்குத் தெரியாது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. தெரியும். எதில் வருகிறார் என்று மட்டும் கேட்கவில்லை. பேருந்து என்றே நினைத்தேன். அக்காவுக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும்.

அன்று மிச்சமிருந்தது ஒரே வேலை. இணைப்புப் பாதை ஓடுதளத்தைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், பாதைக்குக் குறுக்கே, நான்கு மஞ்சள் கோடுகள் அடுத்தடுத்துப் போட வேண்டும். அதில் இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போடும் கோடு. நிற்கும் கோடு என்று அதற்குப் பெயர். பழைய கோடு அழிந்து தழும்புதான் இருந்தது. எனக்குக் கொடுத்த வரைபடம் நகல் எடுத்ததில் ஓரம் வெட்டுப்பட்டு, ஓடுதளம் எந்தப் பக்கம் என்ற குறி அதோடு போய்விட்டது. காகிதத்தை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் அழகாக இருந்தது. அதிகாரி அப்போது இருநூறு அடி தள்ளி ஓடுதளத்தின் ஓரத்தில் விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் போன் செய்து, “சார், முழுக்கோடு எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். “இந்தப் பக்கம்யா” என்றார்.

இந்தப் பக்கம் என்றால் பேசுகிறவர் பக்கம். அவர் நின்றது ஓடுதளத்தில். ஆகவே முழுக்கோட்டை ஓடுதளத்துப் பக்கம் வைத்தேன். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் விரலை வைத்து ‘இந்தப் பக்கம்’ என்று தாம் காட்டியதாக அதிகாரி தமது வாக்குமூலத்தில் சொல்லியிருக்கிறாராம். போனில் விரல் தெரியாது.

இருந்தாலும் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேறொரு நாளாக இருந்தால் நான் ஒரு முறைக்கு மூன்று முறை கேட்டிருப்பேன். அன்று காலையிலிருந்தே மனதுக்குள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வது, அவர் பேசாவிட்டால் நானும் பேசாமல் இருப்பது, தலை நரைத்திருக்குமோ, யார் தண்ணீர் பிடித்து வைப்பார்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தது. போனில் ‘பக்கம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் சரி சரி என்று வைத்துவிட்டேன். அது என் தப்பு. இன்னொன்றும் உண்டு. சாலையில் நாங்கள் போடும் இரட்டைக் கோடு வண்டியோடு கூடவே ஓடும். அதற்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உண்டு, எனக்கு அத்துப்படி. குறுக்கே போடும் கோட்டுக்கு எங்கள் தொழிலில் பக்கமே கிடையாது. அதற்கு ஒரே அர்த்தம், நில். இருபத்தெட்டு வருடப் பழக்கம் அது. குறுக்குக் கோட்டை எப்படிப் போட்டால் என்ன என்று என் கை நினைத்துவிட்டது.

அதன் பிறகு டேப் ஒட்டி, நூல் அடித்து, நான்கு கோடும் போட்டு, ஈரத்தின் மேல் கண்ணாடித் தூள் தூவி இரண்டரை மணிக்கு முடித்தேன். அதிகாரி ஓடுதளத்துப் பக்கமிருந்து ஜீப்பில் வந்து, இறங்காமலே பார்த்து, “பிரமாதம்யா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் என்னிடம் உள்ளது. வேலை முடிந்த பிறகு நாங்கள் போயிருக்கலாம். என் கோட்டை முதல் விமானம் தாண்டுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, ரோலர் கழுவுகிற சாக்கில் புல் ஓரத்திலேயே இருந்தோம்.

நான்கு பத்துக்குப் பயணிகள் விமானம் இறங்கி, ஓடுதளத்தில் ஓடி, வேகம் குறைந்து, இணைப்புப் பாதைக்குத் திரும்பி, என் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அதன் வால் ஓடுதளத்தின் மேலேயே இருந்தது. மரியாதைக்கு நிற்கிறது என்று நூல் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதே நேரம் எதிர்ப்புறத்திலிருந்து, ஓடுதளத்துக்குப் போக, ஒரு பயிற்சி விமானம் வந்தது. கோடு வரைக்கும் வந்து நில் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அதற்குச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தெரிந்தது விட்டுவிட்டுப் போட்ட கோடு. இது நிற்கும் கோடு இல்லை போலிருக்கிறது, அது இன்னும் தள்ளி இருக்கும் என்று உருண்டு தாண்டி வந்து, பெரிய விமானத்தின் மூக்குக்கு இருபது முப்பது அடி முன்னால் பிரேக் போட்டது. “நிக்கிற கோட்டைத் தேடிக்கிட்டே வந்தேன்” என்று அதன் வாத்தியார் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

விமானத்துக்குத் தானாகப் பின்னால் போகத் தெரியாது என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். இழுவை வண்டி வர வேண்டும். இழுவை வண்டியின் பேட்டரி ஜீப்பில் இருந்தது. ஜீப் அதிகாரியிடம் இருந்தது. அதிகாரி வீட்டுக்குப் போய்விட்டிருந்தார், போனை எடுக்கவில்லை. மேலே பயிற்சிப் பள்ளியின் இன்னொரு விமானம் இறங்க இடமில்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வேறு ஊர்ப் பக்கம் திரும்பிப் போனது. அதைப் பார்த்ததும்தான் நான் வரைபடத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நூல் மெதுவாக, “மாமா, நம்ம கோட்டுல ஏதாவது?” என்று கேட்டார். வாயை மூடு என்றேன். அதன் பிறகு பயிற்சி விமானத்திலிருந்தவர்கள் இறங்கி, எங்களையும் கூப்பிட்டு, நான்கு பேருமாக அந்தக் குட்டி விமானத்தைக் கையால் பின்னுக்குத் தள்ளினோம். கோட்டைத் தாண்டியதும் பாதை மேடு, அதற்கு மேல் அது நகரவில்லை, வழி அடைபட்டே இருந்தது. தள்ளியது என் விருப்பப்படி. யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

அதன் பிறகு பெரிய விமானத்துக்கு ஏணி கொண்டுவந்து வைத்தார்கள், அதன் விமானி இறங்கி வந்தார். பெண். என் மகள் வயதுதான் இருக்கும். கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்துவிட்டு என்னிடம், “அங்கிள், கோடு சூப்பரா இருக்கு. இவ்வளவு நேரா நான் எங்கயும் பார்த்ததில்ல. ஆனா திருப்பிப் போட்டுட்டீங்க” என்றார். முதல் பாதியைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டாம் பாதி கொஞ்சம் கழித்துத்தான் ஏறியது. அவர் என் சாக்குக் கட்டியையே வாங்கித் தரையில் வரைந்து காட்டினார். “முழுக்கோடு உங்க முன்னாடி இருந்தா, கேட்டு அனுமதி வாங்கிட்டுத்தான் தாண்டணும். விட்டுவிட்டு இருக்கற பக்கத்துலேர்ந்து வந்தா யாரையும் கேக்க வேண்டாம். வந்துக்கிட்டே இருக்கலாம். இறங்கி வர்றவங்கள ஓடுதளத்துல நிக்க வைக்கக் கூடாது இல்லையா, அதுக்குத்தான்.” இது எங்கள் சாலைக் கணக்கேதான், முழுக்கோட்டுப் பக்கத்து வண்டி தாண்டக் கூடாது, விட்டுவிட்டுப் போட்ட பக்கத்து வண்டி தாண்டலாம். குறுக்கே படுத்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

இழுவை வண்டி வராது என்று தெரிந்ததும் அதே ஏணியில் பயணிகளையும் இறக்கி நடத்திக் கூட்டிப்போனார்கள். அப்போது மணி ஆறு. இறங்கியவர்களில் ஐந்தாவதோ ஆறாவதோ அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் அதே பழைய பிரம்புக் கூடை. ஏணியைப் பிடித்துப் பிடித்து இறங்கி, நேராக என் கோட்டுக்கு முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்து, “இதைத் தாண்டலாமா, இல்ல இதுக்கும் யாராவது சண்டைக்கு வருவாங்களா?” என்று கேட்டார். பதினோரு வருடத்தில் நான் கேட்ட முதல் வார்த்தை அது. “வாங்க, வாங்க” என்றார் நூல். நான் சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பெயிண்ட் வாடை என்று சொல்லிக்கொண்டேன், அது பெயிண்ட் வாடை அல்ல.

புகார் கொடுத்தவர் விமானத்தில் அக்காவுக்குப் பக்கத்து இருக்கைக்காரர். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததில், சன்னல் வழியாக என்னைக் காட்டி, அதோ ரோலரோடு நிற்கிறானே அவன் என் தம்பி என்று தொடங்கி, நடை, கோடு, தையல் நாடா எல்லாவற்றையும் அக்கா அவரிடம் சொல்லியிருக்கிறார். அவர் அன்று மாலையே மனு எழுதிவிட்டார். நாலு விரற்கடை என்பதுகூட அதில் இருக்கிறது.

பதினைந்தாம் தேதி காலை, அக்கா எழுந்திருப்பதற்கு முன்னால், நான் எஃகு நாடாவை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனேன். இதை ஏன் செய்தேன் என்று கேட்கப்பட்டது. ஒரு கோடு திரும்பியிருந்தால் இன்னொன்றும் திரும்பியிருக்கலாம் என்று இராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. வாசல் அருகே அளந்தேன், மயிரிழை பிசகவில்லை. குழாய் அருகே அளந்தேன். அக்கா பக்கம் ஏறித்தான் இருந்தது. உடனே நூலை வரவழைத்து, அன்று நூலை எங்கே கட்டினாய் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, “குழாய்த் தூணுக்கு இந்தப் பக்கம் கட்டச் சொன்னீங்க மாமா. நான் நின்ன இடத்துலேர்ந்து இந்தப் பக்கம் கட்டினேன்” என்றார். கோடு ஏறியிருந்த அளவும் தூணின் கனமும் ஒன்றுதான். பதினோரு வருடம். நான் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இதை நான் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.

இந்த இடத்தில் ஆய்வாளர் அவர்கள், நேற்று அக்காவிடம் வாங்கிய வாக்குமூலத்திலிருந்து சில வரிகளை எனக்குப் படித்துக் காட்டினார். அது பின்வருமாறு: “என் தம்பி இதை வேணும்னே செய்யல. வேணும்னே செய்ய முன்கூட்டி யோசிக்கணும், அது அவனால ஆகாது. அவனுக்குக் கோடு வரும், பக்கம் வராது. சின்ன வயசுலேர்ந்து செருப்பை மாத்தித்தான் போடுவான். எங்க வீட்டு நடையிலயும் இதேதான் நடந்திருக்கும். எனக்குத்தான் விமானத்துல உக்காந்து அந்தக் கோட்டைப் பார்த்தப்புறம் புரிஞ்சது.” படித்து முடித்த பிறகு எனக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. செருப்பு விஷயம் எட்டு வயது வரைக்கும்தான் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகவே விமான நிலையத்துக் கோட்டை நான் வேண்டுமென்றே திருப்பிப் போடவில்லை. அதைக் கறுப்படித்து மறைத்து, முழுக்கோடு இணைப்புப் பாதைப் பக்கமும் விட்டுவிட்டுப் போடும் கோடு ஓடுதளத்துப் பக்கமும் வரும்படி என் சொந்தப் பெயிண்டில் போட்டுத்தர அனுமதி கேட்கிறேன். பக்கம் எது என்பதை யாராவது கோட்டின் மேல் வந்து நின்று கையால் காட்ட வேண்டும்.

வீட்டு நடையில் உள்ள கோட்டையும் அழித்து, சரியான இடத்தில் புதிதாகப் போட இருக்கிறேன். இந்த முறை முழுக்கோடு என் பக்கம், விட்டுவிட்டுப் போடும் கோடு அக்கா பக்கம். நான் தாண்டுவதாக இருந்தால் கேட்டுத்தான் தாண்ட வேண்டும். அவர் யாரையும் கேட்க வேண்டாம், வந்துகொண்டே இருக்கலாம். இது வழக்குக்குச் சம்பந்தமில்லை, எழுத முடியாது என்று எழுத்தர் கூறினார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் கூறினேன். ஆய்வாளர் அவர்கள் எழுதச் சொன்னதால் எழுதப்பட்டது.

பழைய கோடு அக்கா பக்கம் எவ்வளவு ஏறியிருந்தது என்று கேட்கப்பட்டதற்கு, மூன்றரை விரற்கடை என்று சொன்னேன். எஃகு நாடாவில் அளந்தது. அப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா, எனக்காகக் காலையிலிருந்தே அங்கே உட்கார்ந்திருக்கிறாராம், கதவு வழியாக “நாலு” என்றார். மூன்றரை என்று எழுதியதை அடித்து, நான்கு என்று எழுதும்படி நானே எழுத்தரைக் கேட்டுக்கொண்டேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது.

இதில் உள்ளது எல்லாம் என் வாயிலிருந்து வந்தது, எனக்குத் திரும்பப் படித்துக் காட்டப்பட்டது, நடந்தது நடந்தபடியே இருக்கிறது, விரற்கடை நான்கு.

(ஒப்பம்)
கோட்டுக்காரர்
இடது கதவு, தெருவிலிருந்து பார்த்தால்